ஏழாவது மாடியில் பட்டினி கிடந்த அரேகாக்கள்

எங்கள் நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு என் சர்வீஸிலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். ரிட்டயர் ஆனவர்களிடம் இப்படிக் கேட்டால் தாங்கள் கிழித்ததைத்தான் எழுதுவார்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் பேனாவை எடுத்தேன். கிழித்ததெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதனால் சொதப்பியதை எழுதுகிறேன். இதற்குப் பக்கம் போதவில்லை.

1. வாடகைக்குச் செடி

நான் பி.எஸ்ஸி. தாவரவியல். செங்கல்பட்டில் படித்தேன். டீச்சர் ஆகலாம் என்று பார்த்தேன், ஆகவில்லை. திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகிற வழியில் இருக்கும் நம் நர்சரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கடல் பக்கம் என்பதால் உப்புக் காற்றில் இலை ஓரமெல்லாம் கருகும். அதைத் துடைத்துத் துடைத்தே என் முதல் வருஷம் போயிற்று.

நம்முடைய பெரிய வேலை ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடுவது. சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்த பிறகு அதுதான் ஓடுகிற வியாபாரம். செடியைக் கொண்டுபோய் வைப்போம். நாலு வாரம் அங்கே இருக்கும். பிறகு வேறு செட் போகும், பழைய செட் நர்சரிக்குத் திரும்பி ஷேட் நெட் என்ற பச்சை வலையின் நிழலில் ஓய்வெடுக்கும். இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். செடிக்கு எதற்கு லீவு என்று சேர்ந்த புதிதில் எல்லோரும் கேட்பார்கள்.

செடியின் சாப்பாடு தண்ணீரும் உரமும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. சாப்பாட்டைச் செடியே சமைத்துக்கொள்கிறது. இலைதான் அடுப்படி. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு, வேரிலிருந்து தண்ணீர், அடுப்புக்கு வெளிச்சம். சமைத்து வருவது சர்க்கரை. மிச்சமாக வெளியே போவது ஆக்ஸிஜன். இது ஒளிச்சேர்க்கை.

சமைத்தால் போதுமா, சாப்பிட வேண்டாமா? அதே சர்க்கரையை ஆக்ஸிஜனோடு சேர்த்து மெல்ல எரித்துத்தான் செடி தனக்கு வேண்டிய சக்தியை எடுக்கிறது. இது சுவாசம். நாம் காலையில் தின்ற இட்லியை நம் உடம்பு செய்வதும் இதையேதான். வித்தியாசம் என்னவென்றால், செடி தானே சமைத்துத் தானே சாப்பிடும். நமக்குச் செடி சமைத்துப் போட வேண்டும். அந்த இட்லியே ஏதோ ஒரு நெல்லும் உளுந்தும் வெயிலில் நின்று சேர்த்து வைத்ததுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். சமையல் வெளிச்சத்தில் மட்டும். சாப்பாடு இருபத்துநாலு மணி நேரமும். இலை, தண்டு, வேர், எல்லாம் சாப்பிடும். ஆபீஸ் வெளிச்சத்தில் சமைப்பது செலவுக்கே பத்தாது. உடம்பில் சேர்த்து வைத்ததை எடுத்துத் தின்று நாலு வாரம் ஓட்டும். அதற்குள் நாம் கூட்டி வந்துவிட வேண்டும். லீவு இதற்குத்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் படம் போட்டு அம்புக்குறி எல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். வேண்டிய அன்றைக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

2. பட்டுப்புடவையும் பதினான்கு தொட்டிகளும்

அன்று திங்கட்கிழமை, எனக்கு லீவு. கேளம்பாக்கத்தில் சித்தப்பா பேத்திக்கு வளைகாப்பு. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, செங்கல்பட்டு பஸ்ஸை விட்டுத் திருப்போரூரில் இறங்கும்போது போன் வந்தது. சிறுசேரியில் ஒரு கம்பெனியின் ஃபெசிலிட்டி மேனேஜர் பிரகாஷ். கட்டடத்தில் விளக்கு, ஏசி, கக்கூஸ், செடி எல்லாம் அவர் பொறுப்பு.

"மேடம், செவன்த் ஃப்ளோர் காரிடார்ல பதினாலு அரேகாவும் தொங்கிப் போச்சு. அடுத்த மண்டே ஃபாரின்லேருந்து கிளையண்ட் வர்றாங்க. அவங்க நடந்து வர்றதே அந்த காரிடார்லதான். உடனே வாங்க."

அரேகா என்பது ஆளுயரத்துக்கு நிற்கும் பாம் செடி. பதினான்கும் தொங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் வேன் டிரைவர் ஏழுமலையை வரச்சொல்லி, வளைகாப்புக்கு முன் எட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா மேடம், செடிக்கா வளையலு போடப் போறீங்க?"

ஏழாவது மாடி காரிடாரில் விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பிரகாஷ், அவருடைய ஆட்கள் நாலு பேர், ஒரு செக்யூரிட்டி எல்லோரும் செடிகளைச் சுற்றித் துக்கம் விசாரிப்பது மாதிரி நின்றார்கள். ஓலைகள் தொங்கியிருந்தன. அடி மட்டைகள் மஞ்சள். இந்த செட் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. மழைக்காற்றில் நம் ஷேட் நெட் கிழிந்து, ரொட்டேஷன் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தது. ஒரு வாரத்தில் இவ்வளவு ஆகாதே என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். தொட்டி மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்ப்பது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் அது. நானே நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஆனால் புடவை பட்டு. நகத்தில் மண் ஏறினால் வளைகாப்பில் சந்தனம் எப்படிப் பூசுவது? நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"தண்ணி பத்தல. தாகத்துல தொங்குது."

அடித்துச் சொன்னேன். அனுபவஸ்தர் குரலில் சொன்னேன்.

பிரகாஷ் திரும்பி, "கஸ்தூரி!" என்று கூப்பிட்டார்.

கஸ்தூரி அந்த மாடியின் ஹவுஸ்கீப்பிங். தையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. திங்களும் வியாழனும் தொட்டிக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அந்த அளவைச் சொல்லிக் கொடுத்தது நான்.

"தண்ணி ஊத்துறதே இல்லையா?"

"ஊத்திகினுதான் சார் கீறேன். மேடம் சொன்ன அளவு. இன்னிக்கு காலீலகூட ஊத்தினேன்."

"ஊத்தியிருந்தா இப்படி ஆகுமா? மேடமே சொல்றாங்க பாரு. வெள்ளிக்கிழமையோட நீ வேற சைட்டுக்குப் போயிடு. ஒரகடத்துல ஆள் கேட்டிருக்காங்க."

கஸ்தூரி முகம் செத்துவிட்டது. தையூரிலிருந்து ஒரகடம் போய் வர மூன்று பஸ் மாற வேண்டும். அவள் பெண் ஐந்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீட்டில் இருக்கத்தான் கஸ்தூரி இந்தக் காலை ஷிஃப்டே வாங்கியிருந்தாள். வேறு சைட் என்றால் வேலையை விட்டுவிடு என்று அர்த்தம். அது பிரகாஷுக்கும் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இனிமே தினமும் ஊத்து, கஸ்தூரி. ரெண்டு ரெண்டு மக். சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வளைகாப்புக்குப் போனேன். அங்கே எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

3. தொட்டியைக் கவிழ்த்தபோது

புதன்கிழமை பிரகாஷ் மறுபடி கூப்பிட்டார். இன்னும் மோசமாம். ஏழுமலையை அனுப்பி, இருப்பதிலேயே படு மோசமான ஒரு தொட்டியை நர்சரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவன் தூக்க முடியாமல் தூக்கி இறக்கினான்.

"இன்னா மேடம், உள்ள கல்லு கில்லு போட்டு வெச்சிருக்கா? இந்த கனம் கனக்குது."

கவிழ்த்தோம். மண் பொலபொலவென்று விழவில்லை, கூழ் மாதிரி வழிந்தது. முட்டை அழுகிய நாற்றம். வெள்ளையாகத் திடமாக இருக்க வேண்டிய வேர் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் எடுத்து, இலை அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் அது வேலை செய்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் காற்று போக வழியில்லை. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. இலை வாடித் தொங்கும். பார்க்கிறவர்களுக்குத் தாகத்தில் தொங்குவது போலவே இருக்கும். மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் ஊற்றச் சொன்னேன்.

"தண்ணிக்குள்ளயே நின்னுகினு தண்ணியில்லாம செத்துச்சா?" என்றான் ஏழுமலை. "பேஜாருதான்."

கஸ்தூரி மேல் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அளவுக்கு மேல் ஊற்றியிருப்பாளோ? ஆனால் அவள் எட்டு மாதமாக அதே மக்கில் அதே அளவுதான் ஊற்றுகிறாள். இதற்கு முன் அங்கே இருந்த செட் எல்லாம் ஜம்மென்று திரும்பி வந்திருக்கின்றன. இந்த முறை மட்டும் ஏன் தொட்டி காயவில்லை? எனக்குப் புரியவில்லை. கஸ்தூரியைப் போனில் கூப்பிட்டுத் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு சிறுசேரி போனேன்.

4. அசையாமல் உட்கார்ந்த வியாழன்

காரிடாரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். லக்ஸ் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தை அளக்கும் கருவி, வாரா வாரம் இன்ஸ்பெக்‌ஷனில் கொண்டு வருவது. அளந்தேன். ஐந்து வாரமாக நான் ரெஜிஸ்டரில் எழுதி வந்த அதே அளவு. குறையில்லை.

சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வாரப் பத்திரிகையைப் பிரித்தேன். ஒரு சிறுகதை. பாதியில் எழுத்து தெரியவில்லை. நிமிர்ந்தால் காரிடார் முழுக்க இருட்டு. ஜன்னல் கிடையாது, கடைக்கோடியில் எமர்ஜென்சி விளக்கு மட்டும் பச்சையாக.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எழுந்தேன். குப்பென்று எல்லா விளக்கும் எரிந்தது.

உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம். இருட்டு.

கையை ஆட்டினேன். வெளிச்சம்.

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். சென்சார் விளக்கு! ஆள் நடமாட்டம் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் விளக்கு மாதிரி. நாம் கதவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எரியும், அதனால் எப்போதும் எரிவதாகவே தோன்றும். இந்த காரிடார் விருந்தாளிகள் வரும் வழி. விருந்தாளி இல்லாத நாளில் காலையும் மாலையும் தவிர யாரும் நடப்பதில்லை. பதினான்கு அரேகாவும் அசையாமல் நின்றன. செடியால் கையை ஆட்ட முடியாதே! பகலில் பெரும் பகுதி அவை இருட்டில் கிடந்திருக்கின்றன.

அடுப்பு எரியவில்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் ஓடியிருக்கிறது. சேர்த்து வைத்ததும் காலி. இருட்டில் இருக்கும் செடி தண்ணீரையும் அவ்வளவாக இழுக்காது. அதனால் வழக்கமான ஒரு மக்கே அதிகமாகி, தொட்டியில் தேங்கி, வேரை அமுக்கியிருக்கிறது.

இதற்கு மேல் ஒன்று. மாலை கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற ஆபீஸ் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பை கனக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் பாட்டிலில் இருந்த மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். வழிநெடுக இதுதான். ஒரு பெண் ஊற்றிவிட்டு ஓலையைத் தடவிக் கொடுத்து, "சீக்கிரம் சரியாயிடு செல்லம்" என்று சொன்னாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் என்னைச் சுட்டது அந்தப் பாட்டில் இல்லை. லக்ஸ் மீட்டர்தான். ஐந்து வாரமாக நான் நடந்து வந்தேன், நடந்து வந்ததால் விளக்கு எரிந்தது, எரிந்ததை அளந்து "வெளிச்சம் போதுமானது" என்று கையெழுத்துப் போட்டேன். நான் அளந்ததெல்லாம் எனக்காக எரிந்த வெளிச்சம்.

5. பிரகாஷ் ஐந்து நிமிஷம்

அன்று சாயங்காலம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை அவரும் படிப்பார், பரவாயில்லை.

"புது செட் அனுப்பிட்டா முடிஞ்சுது. நீ இன்னாத்துக்கு உன் தலையில அள்ளிப் போட்டுக்கற? கையெழுத்து நம்மளது. தப்பு நம்மளதுன்னு சொன்னா, நாளைக்கு வேற நர்சரிக்காரன் வந்து நிப்பான்."

நியாயமான பேச்சுதான். எனக்கும் வழி முழுக்க அதே யோசனைதான் ஓடியது. புது செடி வைத்தால் பிரகாஷ் சந்தோஷப்படுவார், முதலாளி சந்தோஷப்படுவார். ஒரகடத்துக்குப் போவது ஒருத்திதான். அந்த ஒருத்தி என்னைப் பார்த்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேனே.

"கஸ்தூரி போயிட்டா அடுத்து வர்றவ மேலயும் இதே பழிதான் சார் வரும். வெளக்கு அப்படியேதான இருக்கும்" என்றேன்.

முதலாளி கணக்கு நோட்டை மூடினார். "போய்ச் சொல்லித் தொலை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பிரகாஷைக் காரிடாருக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"சார், அஞ்சு நிமிஷம் அசையாம இருங்க."

ஃபெசிலிட்டி மேனேஜரை ஐந்து நிமிஷம் அசையாமல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் தடவை போன் வந்தது. இரண்டாவது தடவை தும்மினார். மூன்றாவது தடவை நான் அவர் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். விளக்கு அணைந்தது.

இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. "இது... ஆறு வாரம் முன்னாடி நாந்தான் மேடம் போட்டேன். பவர் சேவிங். சர்ட்டிபிகேட்கூட குடுத்தாங்க."

"கரண்ட் மிச்சம்தான் சார். செடிக்குத்தான் சாப்பாடு இல்லாமப் போச்சு."

"தண்ணி பத்தலன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். தொட்டியத் தொட்டுக்கூடப் பாக்காம சொன்னேன். கஸ்தூரி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இருட்டில் சொன்னதால் சுலபமாக வந்தது. ரெஜிஸ்டரில் எழுதும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இரண்டு தடவை அடித்து எழுதினேன். பிரகாஷ் நல்ல மனிதர். படித்துப் பார்த்தார். சர்ட்டிபிகேட் அவருடையது, கையெழுத்து என்னுடையது, கஸ்தூரியை மட்டும் எப்படி அனுப்புவது என்று நினைத்திருக்கலாம். ஒரகடம் ரத்து ஆனது. காரிடாரில் தொட்டிகளுக்கு மேல் இருக்கும் விளக்குகளை மட்டும் சென்சாரிலிருந்து பிரித்து, பகல் முழுக்க எரியும்படி டைமரில் போடச் சொன்னார்.

கஸ்தூரியிடம் போய்ச் சொன்னேன். நன்றி சொல்வாள், கண் கலங்குவாள் என்று நான் தயாராக இருந்தேன்.

"அது சரி மேடம்" என்றாள். "அன்னிக்கே ஒரு வெரல வுட்டுப் பாத்திருந்தா, எனக்கு நாலு நாளு சோறு எறங்கியிருக்கும் இல்ல? என் பொண்ணுகிட்ட வேற, ஸ்கூலு விட்டா பக்கத்து வூட்ல போயி குந்திக்கன்னு சொல்லிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "வுடுங்க" என்றாள். அடுத்த வாரம் அவளே ஒரு காலி வாளியை லிஃப்ட் பக்கத்தில் வைத்து, "சாயங்காலம் மிச்சத் தண்ணி இதுல ஊத்து கண்ணு, செடி பாவம்" என்று காலையில் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் ஒட்டிய நோட்டீஸை யாரும் படிக்கவில்லை. அவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள்.

திங்கட்கிழமை கிளையண்ட் வருவதற்குள் புது செட் வைத்தோம். நர்சரிக்குத் திரும்பிய பதினான்கில் ஒன்பது பிழைத்தன. ஐந்து உரக்குழிக்குப் போயின. ஒரு வாரம் கழித்து அந்தக் குவியலில் கையை விட்டேன், வெதுவெதுவென்று இருந்தது. மண்ணில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அரேகா எப்போதோ வெயிலில் சேர்த்ததை எரித்துத் தின்றுகொண்டிருந்தன. அந்தச் சூடும் சுவாசத்தின் சூடுதான். கையை எடுக்க மனம் வரவில்லை.

6. நகக்கண்

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். செடி தொங்கினால் மேலே பார்க்காதீர்கள், முதலில் மண்ணில் விரல் விடுங்கள். இலைக்கு வெளிச்சம் வேண்டும், வேருக்குக் காற்று வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நீங்கள் எதை ஊற்றினாலும் வீண். அளக்கப் போனால் அளந்துவிட்டு ஓடி வராதீர்கள். பத்து நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். நீங்கள் அங்கே இல்லாதபோது செடி எப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். யார் மேலாவது குற்றம் சொல்வதாக இருந்தால், கையில் மண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரிட்டயர் ஆவதற்கு முன் கடைசி ரவுண்டுக்கு அதே மாடிக்குப் போனேன். அரேகாக்கள் கம்பீரமாக நின்றன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி மாப்பைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னா மேடம், கடசி நாளும் வந்து குந்திகினு கீறீங்க?"

"சும்மாதான்."

"வெரலக் காட்டுங்க."

காட்டினேன். நகக்கண்ணில் மண் இருந்தது. அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"ம்" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.